உடன்பிறந்தார் ஒழுக்கம்

சிவமயம்



ஒரு வயிற்றிற் பிறந்து, ஒரு முற்றத்தில் விளையாடி, ஒரு சட்டியிற் குழைத்த சோற்றை ஒரு தாயின் கையால் உருட்டி வாங்கியுண்டு வளர்ந்த பிள்ளைகள், வயது முதிர்ந்தபின் ஒருவர் வாசலை மற்றொருவர் மிதிக்க நாணுகின்றனர். இது திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே பல குடிகளிற் காணப்படும் ஒரு நோய். பகை என்று பெயரிடத்தக்க பெருங்குற்றம் யாதும் அவர்களுக்குள் நிகழ்ந்திராது. காணி வழக்கும் இல்லை, கைகலப்பும் இல்லை. தமையன் நாற்காலியிலிருந்து கரண்டியால் உண்பான். தம்பி நிலத்திற் சப்பணமிட்டிருந்து கையால் உண்பான். தமக்கையின் பிள்ளைகள் தமிழே அறிவர். தங்கையின் பிள்ளைகள் ஆங்கிலமே பேசுவர். ஒருத்தி பத்து மைல் சுமந்துகொண்டுவந்த தயிர்ச்சட்டி மற்றொருத்தியின் அடுக்களைக் கோடியிலே திறப்பாரின்றிக் கிடந்து புளிக்கும். காரணம் இவ்வளவே. ஆயினும் இவ்வளவிலிருந்து முளைத்த மனக்கோட்டம், தாய் இறந்த நாளிலே சவத்தின் இருபுறத்தும் இரண்டு கூட்டமாக மக்களை நிறுத்திவிடுகின்றது.

இந்நோய் எவ்வழி வந்தது, இதன் மூலம் யாது, இதற்கு நமது சமயம் கூறும் மருந்து யாது என்பவற்றை இங்கே சிந்திப்பாம்.

திருக்கோணமலை முற்காலத்தில் வயலும் கடலும் கோயிலுமாய் விளங்கிய ஊர். தம்பலகாமத்தில் நெல் விளைந்தது. கொட்டியாரத்தில் ஆனிரை பல்கிற்று. கரையோரத்தில் வலை விரிந்தது. குளக்கோட்ட மன்னன் கோணேசர் கோயிற்றொழும்புக்குக் குடிகளை அமைத்து, அவரவர்க்குரிய கடமைகளை வகுத்தான் எனக் கோணேசர் கல்வெட்டுக் கூறும். தானத்தார், வரிப்பத்தார் என வகுக்கப்பட்ட அக்குடிகளுள் ஒருவர் செய்யுந் தொழில் மற்றொருவர்க்கில்லை. ஆயினும் யாவர் தொழிலும் சென்று முடியும் இடம் கோணேசர் சந்நிதி ஒன்றே. அக்காலத்தில் ஏற்றத்தாழ்வே இருந்திலது என்று நாம் கூறமாட்டோம். குடிக்கும் குடிக்கும் இடையே அஃது இருந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கிடையே அது புகுவதற்கு வழி அரிதாயிருந்தது. தந்தையின் தொழிலே மைந்தர் யாவர்க்கும் தொழிலாயிருந்தமையின் என்க.

1795 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் இந்நகரை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். இயற்கையே அமைத்துத்தந்த இத்துறைமுகம் அவர்தம் கடற்படைக்குத் தளமாயிற்று. தளத்துக்குக் கணக்கரும் எழுதுவினைஞரும் பண்டசாலை மேற்பார்ப்போரும் வேண்டப்பட்டனர். தச்சரும் கொல்லரும் சுமைகாரரும் வேண்டப்பட்டனர். ஆங்கிலம் கற்றவனுக்கு மேசை கிடைத்தது. கல்லாதவனுக்குச் சுமை கிடைத்தது. நான்கு மைந்தரையுடைய ஒரு வேளாண் குடியை நினைமின். தகப்பனுடைய கைப்பொருள் ஒருவனைப் படிப்பித்தற்கே போதும். மூத்தவன் நகரத்துப் பள்ளிக்குச் சென்றான். மற்றையோர் வயலில் நின்றனர். அவர்கள் விளைவித்த நெல்லை விற்ற காசே அவனுக்குப் புத்தகமும் சம்பளமும் ஆயிற்று. அவன் உத்தியோகம் பெற்றான். உத்தியோகத்தோடு உடையும் நடையும் உணவும் பேச்சும் மாறின. பின்னொருநாள் சேற்றுக்காலோடு வந்த தம்பியைத் திண்ணையிலே நிறுத்திப் பேசியனுப்பினான். அந்தச் சேறு தன் கல்விக்கு முதலாயிருந்த சேறு என்பதை அவன் மறந்தான். இவ்வாறு, முன்னே குடிகளுக்கிடையே நின்ற வேலி வீட்டுக்குள்ளே புகுந்தது.

நமது சமயப் பெரியோர் இவ்வபாயத்தை அறியாதிருந்தாரல்லர். ஆறுமுக நாவலரவர்கள் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், திருக்கோணமலையிலே 1897 ஆம் ஆண்டு இந்துக் கல்லூரி தோன்றியதும், கல்வியால் வரும் மேன்மை பிள்ளையைத் தன் குடியினின்றும் சமயத்தினின்றும் பிரித்துவிடலாகாது என்னும் கருத்தினாலேயாம். அக்கல்லூரி 1925 முதல் இராமகிருஷ்ண சங்கத்தார் பொறுப்பில் வளர்ந்தது. விபுலாநந்த அடிகள் அதனை நடத்தினார். அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரும் அவரே. 1931 ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியர் ஆயினார். இரண்டு கல்வியும் ஒருவர் உள்ளத்திலே உடன்பிறந்தார்போல ஒற்றுமையாக வாழக்கூடுமாயின், இரண்டு கல்வியுடைய உடன்பிறந்தார் ஒரு வீட்டிலே வாழக்கூடாமை யாங்ஙனம்?

நிற்க. எந்த மேன்மையைக் குறித்து இவர்கள் பிணங்கினார்களோ, அம்மேன்மை என்னவாயிற்று என்பதும் ஆராயற்பாலது. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9 ஆம் நாள் சப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தன. அக்குண்டுகள் மேசையிலிருந்தவனையும் சுமை சுமந்தவனையும் வேறுபிரித்து அறியவில்லை. 1957 ஆம் ஆண்டிலே பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்புவித்துச் சென்றனர். அதனை நம்பிய உத்தியோகப் பெருமையும் அவர்களோடு கப்பலேறிற்று. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரையோரத்து மாடியையும் குடிசையையும் ஒன்றாகவே புக்கது. உத்தியோகம் போயிற்று, துரைமார் போயினர், ஆயினும் அந்நாளில் தமையன் சொன்ன ஒரு கடுஞ்சொல் மட்டும் போகவில்லை. அஃது இரண்டு தலைமுறை கடந்து, அதனைக் கேட்டறியாத பேரப்பிள்ளைகளுக்குள்ளும் முகங்கோணுதலாய் நிற்கின்றது. காரணம் அழிந்தபின்னும் காரியம் அழியாதிருக்கும் விந்தை இது.

1983 ஆம் ஆண்டின் பின்னர் இவ்வேறுபாடு புதியதொரு கோலம் கொண்டது. நாட்டில் மூண்ட கலகத்தாலும் போராலும் நம்மவர் பலர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பிற நகரங்களுக்கும் சிதறினர். ஒருவன் சென்றான், ஒருவன் இருந்தான். சென்றவன் குளிரிலே இரவும் பகலும் உழைத்து அனுப்பிய பணத்தால் இருந்தவன் வீட்டிற்கு ஓடு போட்டான். இருந்தவன் பதுங்குகுழியின் வாயிலிலே தாயைக் காத்து நின்றமையால், சென்றவன் தாயில்லாப் பிள்ளையாகாமல் வாழ்ந்தான். இருவரும் ஒருவர்க்கொருவர் கடன்பட்டவர். ஆனால் சந்திக்கும்போது, சென்றவன் தான் அனுப்பியதையே எண்ணுகின்றான். இருந்தவன் தான் பட்டதையே எண்ணுகின்றான். தன் கணக்கை எழுதத் தெரிந்த இருவர்க்கும் பிறன் கணக்கை வாசிக்கத் தெரியவில்லை.

இனி, இதன் மூலத்தைச் சித்தாந்த நூல்வழி நோக்குதும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம்மூர்ப் பழமொழி. உடல் ஒரு தாயிடத்தினின்றும் வந்ததேனும், உயிர்கள் வேறு. ஒவ்வோருயிரும் தான் முன்செய்த கன்மத்துக்கேற்பத் தனு கரண புவன போகங்களைப் பெறுகின்றது. ஆதலின் ஒருவன் செல்வனாதலும் ஒருவன் வறியனாதலும், ஒருவன் கற்றலும் ஒருவன் கல்லாமையும் ஒரு வீட்டினுள்ளும் நிகழும். இவ்வேறுபாடு கன்மத்தால் வந்தது. இதன்கட் குற்றமில்லை, நாணமுமில்லை. வேறுபாட்டைக் கண்டு ஒருவன் நான் மேலோன் எனத் தருக்குதலும், மற்றொருவன் இவன் மேலோனாயினனே எனப் புழுங்குதலும் ஆணவத்தால் வந்தன. குற்றம் இங்கேதான் உளது. செல்வனுடைய இகழ்ச்சியும் வறியவனுடைய அழுக்காறும் பார்வைக்கு இரண்டாயினும், இரண்டின் வேரும் நான் என்னும் ஒரு மலமேயாம். வறியவன் தன் அழுக்காற்றுக்குத் தன்மானம் என்று பெயரிட்டுக்கொள்வான். செல்வன் தன் இகழ்ச்சிக்கு நாகரிகம் என்று பெயரிட்டுக்கொள்வான். பெயர் மாறினும் பொருள் மாறாது.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. சுவாமிமலையிலே ஏறுவோர் இராவணன் வெட்டு என்னும் பிளவைக் காணாது மீளார். அவ்விராவணனும் குபேரனும் தமையன் தம்பியர். விச்சிரவ முனிவருக்கு வெவ்வேறு மனைவியரிடத்துப் பிறந்தோர். வான்மீகியாரின் உத்தரகாண்டம் கூறும் வரலாற்றிலே ஒரு செய்தி நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஒருநாள் குபேரன் புட்பக விமானத்தில் ஏறி ஒளி விளங்கத் தந்தையைக் காணவந்தான். அதுகண்ட கைகசி தன் மகனை அழைத்து, உன் தமையனுடைய செல்வத்தைப் பார், நீயும் அவனுக்கு ஒப்பாவாய் என்று தூண்டினாள். அதுவரையும் இராவணன் உள்ளத்திலே தமையனைப் பற்றிய பொறாமை இருந்ததாக நூல் கூறவில்லை. தாய் ஒருத்தி ஒப்பிட்டுக் காட்டிய அந்த ஒரு கணத்திலே தீப்பற்றிற்று. தவஞ் செய்தான், வரம் பெற்றான், தமையனிருந்த இலங்கையைக் கேட்டு வாங்கினான். குபேரனோ தந்தை சொற்படி நகரைக் கொடுத்துக் கயிலைப்புறஞ் சென்று சிவபெருமானுக்குத் தோழனாயினான். பின்னர்த் தம்பி நெறிதவறக் கண்டு தூதனை விடுத்து அறிவுரை கூறினான். இராவணன் தூதனைக் கொன்று, தமையன்மேற் படையெடுத்துப் புட்பகத்தையும் பறித்தான். தமையனிடமிருந்து பறித்த அந்த ஊர்தியிலே வரும்போதுதான், கயிலை தன் வழியை மறித்ததென்று அதனைப் பெயர்க்கப் புகுந்து இறைவன் திருவிரலால் நசுக்குண்டான்.

மெய்யன்பர்காள், இவ்வரிசையை நோக்குமின். முதலிலே உடன்பிறந்தானிடத்துப் பொறாமை. பின்பு உடன்பிறந்தான் பொருளைக் கவர்தல். முடிவிலே இறைவன் மலையையே அசைத்தல். தமையன் முன் பணியாத தலை இறைவன் முன்னும் பணியவில்லை. பெற்றோராயினார் தம் பிள்ளைகளுள் ஒருவனை மற்றொருவனுக்கு அளவுகோலாக நிறுத்தாதொழிக. இன்று நகைச்சுவையாகச் சொன்ன ஒப்பீடு நாற்பது ஆண்டு கழித்து வழக்காக முளைக்கும்.

ஆயினும் இராவணன் கதை அங்கே முடியவில்லை. நசுக்குண்டவன் சாமகானம் பாடினான். இறைவன் இரங்கி வாளும் நாளும் அருளினார். அப்பமூர்த்திகள் தம் பதிகங்களின் இறுதிப் பாட்டிலே பெரும்பாலும் இவ்விராவணனையே எடுத்துக் கூறுவர். செருக்கியவன் நசுக்குண்டதையும், நசுக்குண்டவன் அருள் பெற்றதையும் அவர் மறவாது பாடியதற்கு, உடன்பிறந்தாரைப் பிரிந்து மீண்ட அவருடைய சொந்த வாழ்க்கையே சான்றாதலை இனிக் காண்பாம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாரும் மாதினியாரும் பெற்ற மக்கள் இருவர்: திலகவதியாரும் மருணீக்கியாரும். தாய் தந்தையர் இறந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்திலே உயிர் நீத்தார். அதுகேட்ட அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தபோது, தம்பியார் அவர் திருவடிகளில் வீழ்ந்து, தாயும் தந்தையும் போனபின் உம்மையே அவர்களாகக் கண்டு வாழ்கின்றேன், நீர் போவீராயின் நான் முன்னே போவேன் என்று அழுதார். தம்பி வாழவேண்டும் என்னும் அருளினால் அம்மையார் உயிர் தாங்கினார். தமக்கை தம் வாழ்வையே தம்பிக்குக் கல்விக்கும் வளர்ச்சிக்கும் முதலாக வைத்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்க.

தம்பியார் வளர்ந்து கற்றார். அறங்கள் செய்தார். பின்பு பாடலிபுத்திரத்தை அடைந்து சமண நூல்களைக் கற்று, அச்சமயத்தாரால் தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். அரசனும் அவையும் மதிக்கும் நிலை அது. தமக்கையாரோ கெடில நதிக்கரையிலே திருவதிகை வீரட்டானத்திற் சென்று, விடியுமுன் எழுந்து, திருக்கோயிலை அலகிட்டு மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்து வாழ்ந்தார். தம்பி அவையிலே தலைவர். தமக்கை கையிலே துடைப்பம். உடை வேறு, உணவு வேறு, பேச்சு வேறு, மதிப்பு வேறு. உடன்பிறந்தாருக்குள் இதனினும் மிக்க வேறுபாடு உண்டோ? இந்நிலையில் அம்மையார் நடந்துகொண்ட முறையிலே நமக்கு நான்கு பாடங்கள் உள்ளன.

முதலாவது, அவர் தம்பியைப் பற்றி ஊராரிடம் முறையிடவில்லை. தாம் பட்ட வருத்தத்தைச் சொல்லிய இடம் வீரட்டானேசுரர் சந்நிதி ஒன்றே. நம்முள் எத்தனை பேர் அண்ணனைப் பற்றி அயல்வீட்டாரிடமும், தங்கையைப் பற்றி மைத்துனியிடமும் சொல்லிச் சொல்லி, ஒரு நாளில் ஆறக்கூடிய புண்ணைப் பழுக்கச் செய்கின்றோம்! உடன்பிறந்தார் குற்றம் இறைவனிடஞ் சொல்லப்படின் விண்ணப்பமாகும். பிறரிடஞ் சொல்லப்படின் பழியாகும்.

இரண்டாவது, அவர் தம் ஒழுக்கத்தை விட்டுக்கொடுத்து உறவைத் தேடவில்லை. தம்பியார் சூலை நோயால் துடித்து, சமையற்காரனை அனுப்பித் தமக்கையாரை அழைத்தபோது, அவ்விடத்துக்கு நான் வாரேன் என்று மறுத்தார். அன்பின்மையால் மறுத்தாரல்லர். தம் நெறியிலே தாம் உறுதியாக நின்றமையாலேயே, தம்பி திரும்பிவரும்போது வந்தடைய ஓரிடம் இருந்தது. தமையன் செல்வத்தைக் கண்டு தன் நடையை மாற்றிக்கொண்டு அவன் வாசலிற் காத்துநிற்கும் தம்பி, தன்னையும் இழப்பான், தமையனையும் அடையான்.

மூன்றாவது, அவர் கணக்குக் கேட்கவில்லை. தருமசேனர் பாயையும் குண்டிகையையும் பீலியையும் விட்டு, வெண்ணிற ஆடை உடுத்து, இரவிலே ஒருவரும் அறியாது வந்து தமக்கையார் திருவடியில் வீழ்ந்தார். அப்போது அம்மையார், இத்தனை காலம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டிருக்கலாம். நோய் வந்தபின்தானோ தமக்கையின் நினைவு வந்தது என்று கேட்டிருக்கலாம். உலக வழக்கிற்கு அது நியாயமான கேள்வியே. அம்மையார் கேட்கவில்லை. இறைவன் திருவருளை நினைந்து தொழுது, எழுவாய் என்று எடுத்து, திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். நீண்ட காலப் பிரிவுக்கு அங்கே சொல்லப்பட்ட விடை ஒரு சிட்டிகை திருநீறே. திரும்பி வந்தவனை வாசலிலே நிறுத்தி நியாயங் கேட்பவன் வழக்கிலே வெல்லலாம், தம்பியை இழந்துவிடுவான்.

நான்காவது, அவர் தம்பியைத் தம் வீட்டு விருந்தினராக இருத்தவில்லை. தாம் செய்யும் பணிக்கு உடனழைத்துச் சென்றார். விடியற்காலத்திலே அலகும் மெழுக்குங் கொண்டு திருக்கோயிலுக்குப் புறப்பட்ட அம்மையார் தம்பியாரையும் கூட்டிச்சென்றார். அந்தச் சந்நிதியிலே சூலை நீங்கிற்று. திருநாவுக்கரசு என்னும் பெயர் கிடைத்தது. அவைத்தலைமை பெற்ற அக்கை பின்பு உழவாரம் பிடித்துக் கோயில் வீதிகளிலே புல் செதுக்கிற்று. பெயர்பெற்ற தம்பிக்குத் துடைப்பம் பிடித்த தமக்கையே குருவாயினார். வேறுபட்டார் இருவர் ஒன்றுபடும் வழி, எதிரெதிரே இருந்து ஒருவர் குறையை ஒருவர் பேசித் தீர்த்தலன்று. அருகருகே நின்று ஒரு திருப்பணியைச் செய்தலே.

பின்னாளில், பல்லக்கிலே வந்த திருஞானசம்பந்தப்பிள்ளையாரைத் திருப்பூந்துருத்தியிலே எதிர்கொண்ட நாவுக்கரசர், ஒருவரும் அறியாமல் அப்பல்லக்கைச் சுமப்பாரோடு தாமும் கூடிச் சுமந்தார் என்பது யாவரும் அறிந்தது. வயதிலே முதியவர், இளையவருடைய பல்லக்கின் கீழே தோள் கொடுத்தார். பிள்ளையார் அதனை அறிந்தவுடன் பதைத்து இறங்கி வணங்கினார். மேலே இருந்தவர் இறங்கினார். கீழே நின்றவர் புழுங்கவில்லை. உயர்வு தாழ்வு கரைந்துபோகும் வழி இதுவே. ஒருவரை மட்டும் இறங்கச்சொல்லுதலும், ஒருவரை மட்டும் பொறுக்கச்சொல்லுதலும் நமது சமயத்தின் தீர்ப்பல்ல.

இங்கே சிலர் தடை கூறுவர். திலகவதியாருக்கும் நாவுக்கரசருக்கும் இடையே நின்றது சமய வேறுபாடு. எமக்கிடையே நிற்பது பணமும் பழக்கமும். அதனை இதற்கு ஒப்பிடுதல் பொருந்துமோ என்பர். பொருந்தும். சமயம் என்னும் பெரிய வேறுபாட்டையே உடன்பிறப்பன்பு தாங்கிற்றென்றால், கரண்டியும் கையும் என்னும் சிறிய வேறுபாட்டைத் தாங்கலாகாதோ? நாற்காலியிலிருந்து உண்டவன் சிவனடியார் கூட்டத்தினின்று நீங்கான். நிலத்திலிருந்து உண்டவன் நாகரிகத்தினின்று நீங்கான். உண்ணுமுன் சிவசிந்தனையும், உண்டபின் பசித்தவனுக்கு ஒரு பிடியும் இருக்குமாயின் இரண்டும் சைவ ஊணே.

வேறு சிலர், நாம் வறியோம். முதலில் நாம் அவர் வாசலை மிதித்தால் பணத்துக்கு வந்தோம் என்று நினைப்பர் என்பர். இவ்வச்சம் இயல்பானதே, இதனை நாம் இகழோம். ஆயினும் பிறர் நினைப்பர் என்று அஞ்சி நல்லதை விடுதலும் ஆணவத்தின் ஒரு நுண்ணிய வடிவமே. வெறுங்கையோடு செல்லாது, விபூதிப் பிரசாதங் கொண்டு செல்க. கோயிற் பிரசாதத்துக்கு விலையில்லை, கொண்டு செல்பவன் வறியவனல்லன், வாங்குபவன் செல்வனல்லன்.

இனி, இந்நோய் முற்றி வெளிப்படும் இடம் தாய் தந்தையரின் இறுதிக்கிரியையாம். ஆறாண்டு படுக்கையிற் கிடந்த தாயை நீராட்டி, மாற்றுடை உடுத்தி, கஞ்சி புகட்டியவள் ஊரிலிருந்த மகள். கிரியைச் செலவெல்லாம் ஏற்பேன் என்று தொலைபேசியிற் கூறுபவன் கடல் கடந்திருக்கும் மகன். பந்தல் எப்படி, யார் கொள்ளி வைப்பது, எந்த நாள் வரையும் காத்திருப்பது என்பவற்றைப் பணங் கொடுப்பவனே தீர்மானிக்கின்றான். மகள் வாய்திறவாது பின்கட்டில் நின்று அழுகின்றாள். அவள் அழுகையிற் பாதி தாய்க்கு, பாதி தனக்கு. அந்தியேட்டி முடிந்த மறுநாள் வீட்டுவளவை விற்கும் பேச்சு எழுகின்றது. அதன்பின் அவ்வுடன்பிறந்தார் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பது மற்றொரு சாவீட்டிலேயாம்.

நம் நகரிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்கள் ஏழும், இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்தற்பொருட்டு உண்டானவை என்பது வழிவழி வந்த ஐதிகம். இன்றும் நம்மவர் அங்கே சென்று பிதிர்க்கடன் செய்கின்றனர். பொறாமையால் தமையனைத் துரத்தியவனும் தாய்க்கு நீர்க்கடன் செய்யும்போது அழுத மகனாயினான். அந்த நீர் நமக்கு உணர்த்துவது இது: தாயின் முன் எல்லாரும் பிள்ளைகளே, அங்கே கணக்கர் இல்லை, கமக்காரர் இல்லை, கனடாவிலிருந்து வந்தோர் இல்லை. ஆதலின் கிரியைக்குமுன், பணங் கொடுப்போர் பணிவிடை செய்தோரை நோக்கி, நீ எப்படி விரும்புகின்றாய் என்று ஒரு வார்த்தை கேட்பது தருமம். அவ்வொரு வார்த்தை ஆறாண்டு உழைப்புக்குக் கூலியாகாது. ஆயினும் அவ்வுழைப்பு காணப்பட்டது என்பதற்குச் சாட்சியாகும்.

தொலைவிலிருப்போரும் தம்மைப் பிரிந்தோராக எண்ணற்க. திருஞானசம்பந்தப்பிள்ளையார் நமது திருக்கோணமலைக்குக் கடல் கடந்து எழுந்தருளினாரல்லர்; இராமேச்சுரத்திலிருந்தே கோணேசரை நினைந்து பாடினார் எனச் சேக்கிழார் சுவாமிகள் கூறுவர். கடல் இடையே கிடந்தும் அப்பதிகம் இம்மலைக்கு உரியதாயிற்று. இன்றும் நாம் ஓதுகின்றோம். அன்பு உண்டாயின் தூரம் தடையன்று. அன்பு இல்லையாயின் அடுத்த வளவும் கடலுக்கு அப்பாலேயாம்.

1622 ஆம் ஆண்டிலே பறங்கியர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். அக்காலத்திலே அன்பர்கள் திருவுருவங்கள் சிலவற்றை மறைத்தெடுத்துச் சென்றனர் என்பதும், அவ்வழியே தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் ஆலயம் தோன்றியது என்பதும் நாம் கேட்டறிந்தவை. கடற்கரை மலையிலிருந்த பெருமானும் வயல்நடுவே எழுந்தருளிய பெருமானும் இருவரோ? ஒருவரே. நகரத்துக் கோணேசர் உயர்ந்தவர், நாட்டுப்புறத்துக் கோணநாயகர் தாழ்ந்தவர் என்று கூறத் துணியும் சைவன் உளனோ? இல்லை. அங்ஙனமாயின், நகரத்திலிருக்கும் தமையனுக்கும் வயலிலிருக்கும் தம்பிக்கும் மட்டும் அவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது? மண்ணுள் மறைந்துபோன திருவுருவங்கள் 1950 ஆம் ஆண்டிலே கிணறு வெட்டுங்கால் வெளிப்பட்டன. 1963 ஆம் ஆண்டிலே மலையுச்சியிற் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. முந்நூறாண்டு மண்ணுட் கிடந்தது மீண்டதாயின், பத்தாண்டு பேசாதிருந்த உடன்பிறப்பு மீளுதல் அரிதோ?

ஆதலின், சைவக் குடியிற் பிறந்தோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும். பெற்றோர் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பேசாதொழிக. செல்வமுடைய உடன்பிறந்தார், பிறர் முன்னிலையிலே தம் கொடையைச் சொல்லாதொழிக. கொடுத்ததைச் சொன்ன நாளிலே கொடை கடனாகிவிடும். வறிய உடன்பிறந்தார், கொடுக்கப்படாத பொருளுக்காகக் கொடுக்கப்பட்ட அன்பை மறுக்காதொழிக. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றால், அவ்வீட்டார் உண்ணும் முறையிலே உண்க. அவர் தந்ததை இன்முகத்தோடு ஏற்க. பிள்ளைகளுக்குச் சிற்றப்பன், பெரியப்பன், அத்தை, மாமன் என்னும் முறைப்பெயர்களைத் தமிழிலே சொல்லிக் கொடுக்க. ஆங்கிலத்திலே இவர்கள் யாவரும் இரண்டு சொல்லுள் அடங்கிவிடுவர், தமிழிலேயோ ஒவ்வொருவர்க்கும் ஓரிடம் உண்டு. ஆண்டில் ஒருமுறையேனும், பெற்றோர் திதியிலோ பங்குனித் திருவிழாவிலோ, யாவரும் கூடிக் கோயிலிலே ஏதேனும் ஒரு கைத்தொண்டு செய்க. பணங் கொடுத்து உபயம் நடத்துதல் நன்று. உடன்பிறந்தார் சேர்ந்து மடைப்பள்ளிக்கு நீர் இறைத்தல் அதனினும் நன்று.

சிவராத்திரியை அடுத்துக் கோணேசப்பெருமான் நகர்வலம் எழுந்தருளுங்கால் ஓர் உண்மையைக் கண்ணாரக் காணலாம். பெருமான் மாடிவீட்டு வாசலிலும் நிற்கின்றார். ஓலைவீட்டு வாசலிலும் நிற்கின்றார். பித்தளை நிறைகுடமும் மண் நிறைகுடமும் அவர்க்கு ஒன்றே. பாம்பையும் திங்களையும் ஒரு சடையில் வைத்தவர், பகைகொண்டவற்றையும் பக்கத்தில் வாழவைத்தவர், நம் வாசல்தோறும் வந்து நிற்கும்போது, அடுத்த வாசலிலிருக்கும் உடன்பிறந்தானை நோக்காது அவரை மட்டும் நோக்குதல் வழிபாடாகுமோ? அன்றைத் தினமே அடுத்த வாசலுக்குச் செல்க. திருநீற்றைக் கொடுக்க, திருநீற்றை வாங்குக. பழங்கணக்குக் கேளாதொழிக.

திலகவதியம்மையார் தம் தம்பியாரை மீட்ட பொறுமையையும், நாவுக்கரசர் தம் தமக்கையார் திருவடியில் வீழ்ந்த பணிவையும், மாதுமையம்மை சமேத கோணேசப்பெருமான் நம் குடிகளுக்கெல்லாம் அருளுவாராக.

திருச்சிற்றம்பலம்